தேயிலை மலையில் பசியாறுதல்

கேமரன் மலையிலிருந்து நாள் தவறாமல் லாரிகள் இறங்குகின்றன. முட்டைக்கோசும் தக்காளியும் சலாட் கீரையும் வெள்ளரியும் ஏற்றிக்கொண்டு ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கும், கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கும் போகின்றன. மலேசிய நகரங்களின் சந்தைகளும் சிங்கப்பூரும் இந்த மலைக் காய்கறியை நம்பியிருக்கின்றன. காய்கறித் தோட்டங்களைத் தாண்டினால் சரிவெல்லாம் தேயிலை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம், 1933இல் தொடங்கப்பட்ட பாரத் தோட்டம், வடக்கே புளூ வேலி. வெறும் தேயிலைச் சாற்றில் கொழுப்பும் இல்லை, சீனியும் இல்லை.

உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் இரண்டு பொருள்களை நாட்டுக்கே அனுப்பும் மலை இது. நாட்டின் உடம்பு எப்படி இருக்கிறது? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை. 50.1 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல். 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4. மலேசிய இந்தியர்களில் மிகப் பெரும்பான்மையர் தமிழர். ஆகவே பேச்சு வழக்கில் ‘இனிப்பு நீர்’ என்று சொல்லப்படும் அந்த நோய் எட்டிப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் அரிது.

இந்த எண்களைக் கண்டதும் எழும் முதல் அறிவுரை ‘எடையைக் குறை’ என்பதுதான். கிளினிக்கில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், கைப்பேசியைத் திறந்தால் கீட்டோ என்றும் பேலியோ என்றும் பதினாறு மணி நேரப் பட்டினி என்றும் யார் யாரோ சொல்கிறார்கள். நல்ல உணவுப் பழக்கமும் எடைக்குறைப்பும் ஒன்றே என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. எனக்கு அவை இரண்டும் வெவ்வேறாகத் தெரிகின்றன. பழக்கம் என்பது ஒரு குடும்பத்தின், ஓர் ஊரின் ஏற்பாடு. டயட் என்பது தனி மனிதர் தம் உடம்போடு நடத்தும் சண்டை. பழக்கம் எப்படி ஒரு மக்கள் கூட்டத்தைக் காப்பாற்றும், அதே பழக்கம் எப்படி அவர்களை நோயாளியாக்கும் என்ற இரண்டுக்கும் மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றில் சாட்சி உண்டு.

முதலில் காப்பாற்றிய கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் வீங்கும், நரம்பு மரத்துப் போகும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களை அது வாரிக்கொண்டு போனது. தோட்டங்களில் இருந்த தமிழர்களிடம் அது மிக அரிதாகவே தெரிந்தது. காலனி மருத்துவர்களுக்கு இது புரியவில்லை. இந்தத் தமிழர்கள் வசதியில் சீனர்களைவிட மேலானவர்கள் அல்லர். மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தவர்கள். டபிள்யூ. எல். பிராடன் என்ற மருத்துவர்தான் அவர்கள் தட்டில் இருந்த சோற்றைக் கவனித்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் புதிதாக ஒருவருக்கும் நோய் காணவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்து 1909இல் உறுதிப்படுத்தினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பாலும் போவதில்லை. இதே நோயைப் பத்தாவியாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்த எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1929இல், போ தோட்டத்தில் காட்டை வெட்டத் தொடங்கிய அதே ஆண்டில்.

அந்தத் தமிழர்களில் ஒருவர்கூட உடல்நலத்தை எண்ணிப் புழுங்கல் உண்ணவில்லை. தயமின் என்ற பெயர்கூட அன்று பிறக்கவில்லை. யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை, எதையும் தியாகம் செய்யவில்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் அம்மா அப்படித்தான் வடித்தாள், வயிறு நின்றது, தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பழையதாகவும் குடிக்க முடிந்தது. அவர்களுக்கென்று ரங்கூனிலிருந்து அந்த அரிசி வந்துகொண்டும் இருந்தது. வீட்டு வழக்கமும் கப்பலில் வந்த சரக்கும் சேர்ந்து, கேட்காமலே ஒரு சமூகத்தை ஒரு பெருநோயிலிருந்து விலக்கி வைத்தன. நல்ல பழக்கத்தின் தன்மையே இதுதான். அதைக் கடைப்பிடிக்க மன உறுதி தேவைப்படாது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் குழந்தைச் சாவும் நிறைந்த வாழ்க்கை அது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே சோறானது. தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தோட்டத் தமிழரின் நினைவில் மெலிந்த உடம்பு அழகின் அடையாளமாக ஒருபோதும் இருந்ததில்லை. அது பசியின் அடையாளம்.

இனி, நோயாளியாக்கிய கதை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்க வேண்டிய வேலை தேயிலை வேலை. பனி விலகாத சரிவில் ஏறி இறங்கி, முதுகில் கூடை கனக்கக் கனக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். லயத்து வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. பசும்பால் எல்லோருக்கும் எட்டாது. டின் பால் கெடாமல் இருந்தது. ஏறத்தாழ பாதி சீனியான அந்தப் பாலை ஊற்றி, மேலும் சீனி போட்டு ஆற்றிய தேத்தண்ணி, குளிரில் நடுங்கும் உடம்புக்குச் சூட்டையும் தெம்பையும் உடனே தந்தது. சோற்றையும் குழம்பையும் நாள் முழுக்க மேட்டில் ஏறும் கால்கள் எரித்துத் தீர்த்தன. இனிப்புத் தேத்தண்ணி அன்றைக்குத் தப்பான பழக்கம் அல்ல. வேலைக்கும் கூலிக்கும் குளிருக்கும் பொருந்திய பழக்கம்.

பிறகு அந்த மக்களில் பலர் சரிவிலிருந்து இறங்கினார்கள். இன்று கொழுந்து எடுப்போரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பல இடங்களில் கைக்குப் பதில் கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் எந்திரமும் வந்துவிட்டன. பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் தானா ராத்தாவில் கடை வைத்திருக்கிறார்கள், பிரிஞ்சாங் விடுதிகளில் வேலை செய்கிறார்கள், காய்கறி லாரி ஓட்டுகிறார்கள். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பன்னிரண்டு மணி நேரம் காவல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடு போய்விட்டது, கூடை போய்விட்டது, தேத்தண்ணிக் குவளை மட்டும் கூடவே வந்துவிட்டது. அதனோடு காலையில் ரொட்டி சானாய், இரவில் மீ கோரெங், நடுவில் குளிர்பானம் எல்லாம் சேர்ந்துகொண்டன. டின்னுக்குள்ளும் பொருள் மாறிவிட்டது. பல டின்களில் இப்போது இருப்பது செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்பு கிரீமர். அரசாங்கமும் நெடுங்காலம் சீனிக்கு மானியம் கொடுத்து அதை மலிவாக வைத்திருந்தது. 2013 அக்டோபரில்தான் அதை நிறுத்தியது.

இப்படிப் பல பத்தாண்டுகளாகக் கூலியும் வேலையும் கடையும் மானியமும் சேர்ந்து உருவாக்கிய உடம்பைப் பார்த்து, ‘உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று சொல்வது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தை நாம் அன்றாடம் செய்கிறோம். பெரும்பாலும் பெண்களிடம் செய்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் செய்கிறார்கள், பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாதவளிடம் பக்கத்து வீட்டார் செய்கிறார்கள்.

தோட்டத்தில் பிறந்த பாட்டியும் பட்டணத்தில் வளர்ந்த பேத்தியும் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“பசியாறாம எங்கடி கெளம்புற?”

“வேணாம் பாட்டி, டயட்ல இருக்கேன்.”

“நாங்க இல்லாம பட்டினி கெடந்தோம். நீ இருந்தும் கெடக்கிறியே.”

பாட்டியின் பேச்சைப் பழைய காலத்துப் புலம்பல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டினியை உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவான உணவு. இன்று பல டயட் அட்டவணைகள் அனுமதிப்பது அதைவிடக் குறைவு. உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு போனது. கூடவே மகிழ்ச்சியும் போனது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், சோர்ந்து கிடந்தார்கள். நல்ல திடகாத்திரமான, தாமாக முன்வந்த ஆட்கள் அவர்கள்.

2011இல் மெல்பர்னில் பிரியா சுமித்ரனும் அவருடைய குழுவினரும், 50 பேரைப் பத்து வாரக் கடும் டயட்டில் சேர்த்து, எடை குறைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் தணியவில்லை. 2016இல் கெவின் ஹால் வெளியிட்ட ஆய்வு, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்துப் பார்த்தது. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் எடை திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்போ ஓய்வில் இருக்கும்போது அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக எரித்தது. டயட்டில் தோற்பவர் மனம் தளர்ந்தவர் என்ற பழிக்கு இந்த ஆய்வுகளே பதில். பஞ்சம் வந்துவிட்டது என்று நம்பிய உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது.

எடையைக் குறைப்பதே கூடாது என்பது என் வாதம் இல்லை. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில், மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் கடும் உணவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இது பெரிய செய்தி. அந்தப் பலன் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து போனது என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சி சொல்வதுதான். அது மருத்துவர் பக்கத்திலிருந்து செய்யும் சிகிச்சை. கைப்பேசியில் வந்த அட்டவணையை நம்பி ஒரு தாய் தனியாகக் கிடக்கும் பட்டினிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நமக்கு மிக நெருக்கமான சான்று சென்னையில் இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் நின்ற 531 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சொன்னது இவ்வளவுதான்: நாளும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், சீனியை விலக்குங்கள், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறையுங்கள், நார்ச்சத்துள்ளதைக் கூட்டுங்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் போயிருந்தார்கள். பழக்கத்தை மாற்றிக்கொண்ட பிரிவில் 39.3. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடைக்கருவியை மட்டும் பார்த்திருந்தால் அந்த மூன்று ஆண்டும் வீண் என்றுதான் முடிவு கட்டியிருப்பார்கள். முள் நகராத இடத்தில் நோய் விலகியிருந்தது.

நம் மக்களைப் பொறுத்தவரை எடைக்கருவி வேறொரு வகையிலும் ஏமாற்றும். புனேயின் மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். புனே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்ஹாம்ப்டன் குழந்தையின் எடை 3.5. தசை குறைந்திருந்த நம் குழந்தையின் உடம்பில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு தங்கும் இந்த வாகு, தாய்மார் தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றோடு இருந்ததன் விளைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று 2004இல் சொன்னது. ஒல்லியானவர் தமக்கு ஒன்றும் வராது என்று இரண்டாவது குவளை இனிப்புத் தேத்தண்ணி குடிக்கிறார்; பருத்தவர் வெட்கப்பட்டுக் கிளினிக்குக்கே போகாமல் இருக்கிறார். இருவரையும் எடைக்கருவி கைவிட்டுவிடுகிறது.

அந்த வெட்கத்தைக் காசாக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. மெலியவைக்கும் தேநீர், மெலியவைக்கும் காப்பி என்ற பெயரில் வரும் பொட்டலங்களில், 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கிக்கொள்ளப்பட்ட சிபுட்ரமைன் என்ற மருந்து கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கேடு செய்யும் மருந்து அது. தேயிலை விளையும் மலையின் மக்களிடமே தேநீர் என்ற பெயரில் நஞ்சை விற்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

உணவில் கட்டுப்பாடு நமக்குப் புதிது என்றும் யாரும் சொல்ல முடியாது. கந்த சஷ்டிக்கும் புரட்டாசிச் சனிக்கும் தைப்பூசத்துக்கும் விரதம் இருக்கும் சமூகம் இது. விரதத்தில் வீடே சேர்ந்திருக்கும், அதற்கு ஒரு முடிவு நாள் இருக்கும், முடிவில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உடம்பைக் குறைசொல்லி யாரும் விரதம் இருப்பதில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள் உணவைப் பற்றியவை. முன் உண்டது செரித்து, பசித்த பின் உண்பதே அங்கே சொல்லப்படும் அளவு. ஆனால் பசித்தபோது உண்ண வேண்டுமானால் நாள் நம் கையில் இருக்க வேண்டும். பெரட்டு மணிக்கும் ஆலைச் சங்குக்கும் ‘ஷிப்ட்’டுக்கும் கட்டுப்பட்டவரின் பசி வேறொருவரின் கடிகாரத்தில் ஓடுகிறது. ஆகவே தொழிலாளியிடம் உணவைப் பற்றிப் பேசுகிறவர் வேலை நேரத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் போக, மிஞ்சியதில் காய்கறியும் மீனும் வாங்குவதா, அரிசியும் சீனியும் வாங்கி வயிற்றை நிரப்புவதா என்று அந்த ஊதியத்தில் வாழும் குடும்பம் கணக்குப் பார்க்கிறது.

பழக்கத்தை மாற்ற வழி இருக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும் என்று மலேசியச் சுகாதார அமைச்சு ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ என்ற பெயரில் சொல்லிவருகிறது. இதில் கலோரி எண்ண வேண்டியதில்லை, எடை பார்க்க வேண்டியதில்லை, சோற்றைப் பகைக்க வேண்டியதும் இல்லை. நம் சாம்பாரும் பொரியலும் ரசமும் மீன் குழம்பும் இந்தத் தட்டுக்குள் அப்படியே அடங்கும். அளவு இடம் மாறினால் போதும். தேத்தண்ணியில் சீனியை மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கும் கூடவே இறங்கி வரும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, ஏனென்றால் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதைத் தேயிலை தடுக்கும். இந்த நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாக அதே 2019 ஆய்வு சொல்கிறது. எடையைப் பற்றி அந்தப் பெண்களிடம் பேசும் நாம் இரத்தத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தனி வீடு மட்டும் இதைச் செய்து முடிக்க முடியாது. 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள குளிர்பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது; பிறகு அது உயர்த்தவும் பட்டது. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேத்தண்ணிக்கு அந்த வரி பொருந்தாது. அங்கே வரியைவிட வழக்கம்தான் மாற வேண்டும். கேட்டால் மட்டும் சீனி போடும் கடை ஒன்று தானா ராத்தாவில் இருந்தால் போதும், அடுத்த கடைக்கும் அது பரவும். தோட்ட நிர்வாகங்கள் தங்கள் மலையில் விளையும் காய்கறியை மலிவு விலையில் தொழிலாளர் குடியிருப்புக்குக் கொண்டுவரட்டும். இன்று அந்தச் சரிவில் நிற்கும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியும் நம் முன்னோர் குடித்த அதே குவளையைக் கையில் பிடித்திருக்கிறார்கள். நமக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர வேண்டாம். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வண்ணச் சர்பத்துக்குப் பதில் பழமும் அவித்த சோளமும் இருக்கட்டும். கோயில் அன்னதானத்தில் கேசரியைச் சிறிதாக்கி, பொரியலைப் பெரிதாக்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாருடைய உடம்பையும் பார்த்து எடையைச் சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள், சாப்பிட நேரம் கிடைத்ததா என்று கேளுங்கள். எவருடைய மன உறுதியையும் நம்பாமல், அடுப்படியில் இருந்த ஒரு வழக்கம் நூறாண்டுக்கு முன் நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தது. இனிப்பு நீரிலிருந்து அடுத்த தலைமுறையைக் காக்கப் போவதும் அப்படியொரு வழக்கம்தான். அதை இன்றைய சமையலிலிருந்தே தொடங்குங்கள்.